மேடை லேப்டாப்பையும் சொல்லித்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் கொடை விழாக்களில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிகளைப் பற்றி உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மேடைக்கு லேப்டாப் வந்த பிறகு வாசிப்பு செத்துவிட்டது, பட்டனைத் தட்டினால் பாட்டு வருகிறது, கலைஞர்கள் சும்மா நிற்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம். நல்ல வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் பதில் எழுதத் தோன்றியது. நான் பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் ஹார்மோனியம் பழகி, அப்புறம் கீபோர்டுக்கு மாறி, நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்து வருகிறவள். இப்போது என் முன்னாலும் ஒரு லேப்டாப் இருக்கிறது.

பாட்டின் இசை முழுவதையும் முன்பே பதிவு செய்துகொண்டு வந்து ஓடவிட்டு, அதன் மேல் பாடுவது ஒரு வகை. அதை நாங்கள் ட்ராக் என்போம். அந்த வாசகர் பார்த்தது அதுவாக இருந்தால் அவர் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. நான் சொல்வது வேறு வகை. கீபோர்டில் விரல் வைத்தால்தான் ஒலி வரும், எடுத்தால் நின்றுவிடும். ஒலி மட்டும் கீபோர்டுக்குள்ளிருந்து வராமல் கணினியிலிருந்து வருகிறது. மேக் கணினிக்கு மெயின்ஸ்டேஜ், விண்டோஸுக்குக் கான்டபிலே, இரண்டிலும் ஓடும் கிக் பெர்ஃபார்மர் என்று இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்வது 1983-இல் வந்த மிடி முறையில். எந்தக் கீயைத் தொட்டேன் என்பது ஓர் எண்ணாகவும், எவ்வளவு வேகமாகத் தொட்டேன் என்பது 1 முதல் 127 வரையிலான இன்னோர் எண்ணாகவும் கணினிக்குப் போகின்றன. நான் மெதுவாகத் தொட்டால் மெதுவான ஒலி, அழுத்தித் தொட்டால் அழுத்தமான ஒலி. வாசிப்பது நான்தான்.

ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துப் பெரிய குழுக்களில் மூன்று கீபோர்டு இருக்கும். ஒருவர் ஸ்ட்ரிங்ஸ் என்கிற வயலின் கூட்டத்தின் ஒலி, ஒருவர் புல்லாங்குழல், சந்தூர் மாதிரி முன்னால் கேட்கும் லீடு, இன்னொருவர் அடிச்சுரமான பேஸும், பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டும். இப்போது கமிட்டி தரும் தொகையில் ஒருவரைத்தான் கூப்பிட முடிகிறது. பாட்டு மட்டும் மாறவில்லை. எண்பதுகளின் மெலடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வயலின் கூட்டம், அதன் மேல் குழல், முதல் இடையிசையில் கிடார், இரண்டாவதில் வீணையும் கோரஸும், பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடி வயலின், இது எல்லாவற்றுக்கும் அடியில் இடது கையில் பேஸ். நாலைந்து நிமிடத்துக்குள் இத்தனை டோன், அதாவது இத்தனை வாத்திய ஒலி.

மெயின்ஸ்டேஜில் முழுக் கச்சேரிக்கும் ஒரு கோப்பு, அதற்குக் கான்சர்ட் என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு செட். அந்தப் பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும், அதற்கு வேண்டிய டோன்களை அடுக்கி வைத்த ஒரு பேட்ச். கீழ் இரண்டு ஆக்டேவில் (ஸ்தாயியில்) பேஸ், நடுவில் ஸ்ட்ரிங்ஸ், மேலே குழல் என்று கீபோர்டைப் பிரித்து வைத்துக்கொள்வேன். இடது காலுக்கு ஒரு பெடல். அதை மிதித்தால் அடுத்த பேட்ச். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. என்னுடைய பழைய கீபோர்டில் டோனை மாற்றினால் அதுவரை பிடித்திருந்த ஸ்ட்ரிங்ஸ் சட்டென்று அறுந்துவிடும். மெயின்ஸ்டேஜில் இடது கை பிடித்திருக்கும் ஸ்ட்ரிங்ஸ், நான் கையை எடுக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். வலது கை அதற்குள் வீணைக்குப் போய்விடலாம். ஆனால் பெடலை எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்பதும் வாசிப்பில் ஒரு பகுதி. அரை அடி முந்தினால் குழல் வாசிக்க வேண்டிய கடைசிச் சுரம் வீணையில் வந்து நிற்கும். காலுக்கும் தாளம் பழக்க வேண்டும். ஒரு பாட்டை இப்படி ஒழுங்காக அமைக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். அதை வாசித்துப் பழகுவது தனி.

சுருதி மாற்றம் இன்னொன்று. மேடை ஏறும் நேரத்தில் பாடகி வந்து, “அக்கா, தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிடுங்க” என்பாள். ஹார்மோனியத்தில் நான் கையை நகர்த்திக்கொள்வேன். கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் மொத்தக் கச்சேரிக்கும் சேர்த்து அந்த எண்ணை மாற்றினால், தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவியான ரிதம் பேடிலிருந்து அதே கணினிக்கு வரும் தட்டுகளும் ஓர் இடம் தள்ளிப் போய்விடும். கணினி டிரம்ஸில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு வாத்தியம் அல்லவா? ஸ்நேர் டிரம் அடிக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ அடிக்கும். தாள வாத்தியம் இருக்கும் சேனலை மட்டும் சுருதி மாற்றத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவருக்கு அந்தப் பாட்டே போச்சு.

கீயைத் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்புகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) என்ற கணக்கில், ஒரு துண்டுக்கு 512 மாதிரி வைத்தால் அதிலேயே கிட்டத்தட்ட 12 மில்லி விநாடி தாமதம். நாலு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். 128 என்று குறைத்தால் 3 மில்லி விநாடிதான், விரலுக்கடியிலேயே ஒலி இருக்கும். ஆனால் அவ்வளவு குறைத்தால் கணினி திணறி, இடையிடையே ‘பட் பட்’ என்று வெடிக்கலாம். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ என்ற டிரைவர் மென்பொருள் இல்லாமல் மேடை ஏறினால் இன்னும் மோசம். வேகமான குத்துப் பாட்டில் தபலாவும் கீபோர்டும் ஒட்டவில்லை என்று கேட்பவர்கள் சொல்வார்கள். வாசிப்பவருக்குத் தாளம் வரவில்லை என்றுதான் பெயராகும். எவ்வளவு நல்ல கைகள் இப்படிப் பெயர் கெட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்! துண்டுக்கு எத்தனை மாதிரி என்ற அந்த ஓர் எண்ணைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதையெல்லாம் எங்கே கற்பது? இணையத்தில் வீடியோக்கள் நிறைய. பெரும்பாலும் ஆங்கிலம், ஆங்கிலம்கூடச் சமாளிக்கலாம். நான் பார்த்தவற்றில் காட்டும் மேடைகள் வேறு மாதிரி. ஒழுங்கான மின்சாரம், முதலிலேயே முடிவான பாடல் வரிசை. எங்கள் மேடையில் ஜெனரேட்டர் ஓடும், சீரியல் லைட்டும் மைக் செட்டும் ஒரே லைனில் இருக்கும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்று இரைச்சல் கிளம்பும். ஒலி போகும் வழியின் நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்றைப் போட்டு அதில் கிரவுண்டைத் துண்டிக்கும் சுவிட்சைத் தள்ளினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சார்ஜரின் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அப்புறம், பாடல் வரிசை என்பது எங்களுக்குப் பேருக்குத்தான். கூட்டத்திலிருந்து பாட்டு கேட்டுச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, கீபோர்டில் அந்த எண்ணை அழுத்தினால் அந்தப் பாட்டே வந்து நிற்கும்படி வைத்திருக்கிறேன். இப்படி எங்கள் மேடைக்கு வேண்டியதைத் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் குழுவில் ரிதம் பேடு வாசிக்கும் தம்பி. பகலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. பொறுமையான பிள்ளை. மேடை ஏறுமுன் வைஃபையை அணைப்பது, அப்டேட் வராமல் நிறுத்துவது, கணினி தூங்கிப் போகாமல் அமைப்பது, ஒலி நிற்காமல் தொங்கினால் எந்தப் பட்டனை அழுத்துவது எல்லாம் அவன் சொல்லித்தந்ததுதான். ஆனால் இப்படி ஒரு தம்பி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இந்த வித்தை இப்போது ஒத்திகை நடக்கும் மாடி அறைகளில், இரவு பத்து மணிக்கு மேல், பையன்களுக்குள்ளேயே கைமாறுகிறது. ஆலயங்களிலும் பள்ளிகளிலும் அருமையாகக் கீபோர்டு வாசிக்கும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த அறைக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள். குழுக்காரர்களோ இப்போது, “லேப்டாப் செட்டப் தெரியுமா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தெரியாது என்றால் அந்தப் பிள்ளைக்கு மேடை இல்லை. எனக்கு மனசு பொறுக்காமல் இந்தக் கடிதம் எழுதுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். அவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. அங்கே உள்ள ஒரு கூடத்தை வாரத்தில் ஒரு மாலை, ஏழு மணிக்குள் முடிகிற மாதிரி, மேடைக் கணினிப் பயிற்சிக்குத் தரலாம். பெரிய செலவில்லை. ஓரளவு நல்ல லேப்டாப் ஒன்று, கணினியின் ஒலியை வெளியே எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, சிறிய மிடி கீபோர்டு ஒன்று, பெடல் இரண்டு, டிஐ பாக்ஸ் ஒன்று. மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி. பிரிப்பது, அடுக்குவது, தாமதத்தைக் குறைப்பது, மின் இரைச்சலைச் சமாளிப்பது எல்லாவற்றுக்கும் பொது. ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறிவிடுவார்.

கொடைக் கமிட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். மேடை வாத்தியங்களுக்கு லைட் லைனிலிருந்து பிரித்துத் தனி லைன் ஒன்று கொடுங்கள். ஜனம் வந்து உட்காருமுன் ஒரு மணி நேரம் சவுண்டு செக்குக்கு விடுங்கள். பல ஊர்களில் நாங்கள் பெட்டியைத் திறக்கும்போதே குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால், வருத்தப்பட்டு எழுதிய அந்த வாசகர் கேட்க விரும்பும் வாசிப்பை எங்களால் தர முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையால் எங்களுக்குக் கச்சேரி குறைவு. திருநெல்வேலி வட்டாரத்தில் பள்ளியோ ஆலயமோ நூலகமோ எது இடம் தந்தாலும் அந்த மாதங்களில் சனிக்கிழமை மாலைகளில் வந்து சம்பளம் இல்லாமல் சொல்லித்தர நான் தயார். லேப்டாப்பும் பெடலும் நானே கொண்டு வருகிறேன். கூட வருவதாகத் தம்பியும் சொல்லியிருக்கிறான். பெண் பிள்ளைகளுக்கு முதலில் இடம் தர வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் வாசகி,
பாளையங்கோட்டை.