வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் புட்டியும் பாலாடையும் பழக்கச் சொல்லித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்திகளைத் தொடர்ந்து படித்தேன். முதல் ஆறு மாதமும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிரசவ வார்டுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண், தான் வீட்டில் இல்லாத எட்டு ஒன்பது மணி நேரமும் அதே தாய்ப்பாலைக் குழந்தைக்குக் கிடைக்கச் செய்வது எப்படி என்பதை அச்செய்திகள் எதுவும் சொல்லவில்லை. வார்டில் இருந்த காலத்தில் நாங்களும் சொன்னதில்லை. அந்தக் குறையை என் வீட்டிலேயே அனுபவித்த பிறகுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மகள், ஒரு தனியார் நிறுவனத்தில் தன் வேலைக்குத் திரும்பியபோது பேரனுக்கு நான்கரை மாதம்கூட நிறையவில்லை. பேறுகாலப் பலன்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு கிடைக்கிறது என்பது உண்மை. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் காரணமாக ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டதால் அந்த 8 வாரத்தையும் முன்னரே எடுத்துவிட்ட அவளுக்கு, குழந்தை பிறந்த பின் எஞ்சியவை 18 வாரங்களே. வேலையில் சேருவதற்கு முந்தைய நாள் பால்புட்டி வாங்கினோம். அவளே மடியில் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். தாயின் மணம் அறிந்த குழந்தை புட்டியை ஒதுக்கிவிட்டு மார்பைத் தேடியது. நாளைக்குப் பசித்தால் தானாகக் குடித்துவிடும் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் கிளம்பினாள். மாலை நான்கு மணி வரை பேரன் ஒரு மிடறுகூட விழுங்கவில்லை. ரப்பர் காம்பை நாக்கால் வெளியே தள்ளித் தள்ளி, அழுது களைத்து உறங்கி, எழுந்து மறுபடியும் அழுதான். கடைசியில்தான், குழந்தைக்குப் பால் புகட்ட மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை எனக்கு நினைவுக்கு வந்தது. எடை குறைந்து பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு வார்டில் அதைக் கொண்டு பால் புகட்டியிருக்கிறேன். வீட்டில் கிடந்த எவர்சில்வர் பாலாடையைக் கொதிக்க வைத்து எடுத்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்தேன். அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 60 மில்லி குடித்தான். அன்று அலுவலகத்தில் பால் கட்டிக்கொண்டு, ஜாக்கெட் நனைந்து, வலியோடு வீடு திரும்பிய மகளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் அவளுக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை.

குழந்தை புட்டியை மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. தாயின் மார்பில் குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வி, நாக்கால் அழுத்திக் குடிக்கிறது. சிறிது நேரம் சப்பிய பிறகே பால் இறங்கி வரும், பின்னர் தணிந்து மீண்டும் பெருகும். புட்டியிலோ வாய் வைத்ததும் பால் ஒழுகத் தொடங்கிவிடுகிறது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் புட்டியைக் காட்டினால், மார்பில் கவ்விக் குடிக்கும் பழக்கம் உறுதிப்படுவதற்குள் எளிய வழியைக் கண்டுகொண்ட குழந்தை மார்பில் குடிக்கத் தடுமாறலாம். பால் சுரப்பும் குறையலாம். மிகவும் தள்ளிப்போட்டால் என் பேரனைப் போல் முற்றிலுமாக மறுக்கலாம். ஆகவே தாய்ப்பால் குடிப்பது நன்றாக நிலைபெற்ற பின், அதாவது ஒரு மாத அளவில் அல்லது அதற்குப் பிறகு, வேலைக்குச் செல்வதற்கு இரண்டு மூன்று வாரமாவது இருக்கும்போது பழக்கத் தொடங்குவதே நல்லது.

பழக்குபவர் தாயாக இல்லாமல், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பாட்டியோ தகப்பனோ ஆக இருக்க வேண்டும்; அந்நேரம் தாய் அடுத்த அறைக்குப் போய்விடுவது உதவும். பசி உச்சத்தில் அழும்போது புதிய பொருளை வாயில் வைத்தால் எந்தக் குழந்தையும் ஏற்காது. பசிக்கத் தொடங்கும் நேரத்தில், மெதுவாகப் பால் வரும் காம்பைப் பொருத்தி, குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கவிழ்க்காமல் ஏறக்குறையக் கிடைமட்டமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சில மிடறுகளுக்கு ஒருமுறை நிறுத்தினால், புரையேறாமல், மார்பில் குடிப்பதைப் போலத் தன் வேகத்திலேயே குடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிட வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று திணிக்கவே கூடாது.

புட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. பாலாடையில் அழுக்கு தங்கும் இடுக்குகள் கிடையாது, கழுவிக் கொதிக்க வைப்பது எளிது, காம்புக் குழப்பத்துக்கும் இடமில்லை. அதைக் கொண்டு பழக முடிந்தவர்கள் புட்டியை வாங்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் பாலாடையில் கொடுக்கப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். அவை இல்லாத வீட்டில், நன்கு கொதிக்க வைத்த புட்டியில் தாயின் பாலையே கொடுப்பது, பால்பவுடருக்கு மாறுவதைவிட எவ்வளவோ மேல்.

பீய்ச்சி எடுத்த பாலைப் பாதுகாப்பது பற்றியும் வீடுகளில் அச்சமும் தவறான எண்ணமும் நிறைய உள்ளன. 25 டிகிரி வெப்பம் வரை 4 மணி நேரம் அது வெளியில் இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அங்கே 4 நாள் வரை கெடாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெதுவெதுப்பான நீருள்ள கிண்ணத்தில் வைத்துக் குளிர்ச்சியைப் போக்கினால் போதும். குழந்தை வாய் வைத்த மிச்சப் பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கொழுப்பு மேலே பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டதென்று கொட்டியவர்களை எனக்குத் தெரியும். மெல்ல அசைத்தால் அது கலந்துவிடும்.

நான் பணியில் இருந்தபோது புட்டி என்ற சொல்லையே வார்டில் உச்சரிக்கத் தயங்கினோம். பால்பவுடரையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1992இல் வந்தது. அது மிகத் தேவையான சட்டம், இன்னும் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். எனினும் வேலைக்குப் போகும் தாய்க்கு வழிகாட்டுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் தாய்ப்பாலூட்டலுக்காக 1989இல் வகுத்த பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் செயற்கைக் காம்பு கொடுக்கவே கூடாது என்றிருந்தது. 2018இல் அதைத் திருத்தி, புட்டி, காம்பு ஆகியவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். நாம் சொல்லாமல் விட்டால், அந்தப் பெண் மருந்துக் கடையில் போய்க் கேட்கிறாள். புட்டியோடு பால்பவுடர் டப்பாவும் சேர்ந்தே அவள் கைக்கு வருகிறது.

வேலையிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை அளிக்கவும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்கவும் சட்டம் வகை செய்துள்ளது. என் மகளோ கழிப்பறையில் நின்றுகொண்டு பாலைப் பீய்ச்சினாள். அந்தப் பாலைக் கொண்டுவர மனமில்லாமல் அங்கேயே கொட்டிவிட்டும் வந்தாள். நம் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பனியன் கம்பெனியிலும் ஜவுளிக்கடையிலும் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்குக் கதவும் நாற்காலியும் உள்ள சிறு அறை ஒன்றாவது வேண்டாமா?

தமிழ்நாடு அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். குழந்தையின் 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளுக்காக ஒவ்வொரு தாயும் சுகாதார நிலையத்துக்கு நம்மைத் தேடி வருகிறாள். ஊசி போட்ட பின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருக்கிறாள். 6ஆம் வாரத்தில் வரும்போதே, எப்போது வேலைக்குத் திரும்பப் போகிறாய் என்று அவளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பம்ப் வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கையாலேயே பாலெடுக்கும் முறையையும், பாலாடையில் புகட்டும் முறையையும் அந்த அரைமணி நேரத்திலேயே செய்து காட்டலாம். உடன் வரும் பாட்டியையும் கணவரையும் உட்கார வைத்து அவர்கள் கையாலேயே செய்யச் சொல்ல வேண்டும், ஏனெனில் பகலில் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். இதற்குத் தனி நிதியோ புதிய பணியிடமோ வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற என் போன்ற செவிலியர்களை அழைத்தால், தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் ஊதியமின்றி வந்து கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருப்பூர்.