எரிமலை போட்டோ சரி, வெந்நீர் குழாய் எங்க?

ஆசிரியர் சார், வணக்கம்.

நம்ம பேப்பர்ல ஐஸ்லாந்துன்னு வந்தாலே எரிமலை கக்குற படம்தான், அதோட முடிஞ்சுது. அடியில இருக்கற அந்தச் சூட்டை வச்சுத்தான் அவங்க வீட்டுக்கு வீடு குளிர் காயறாங்கங்கறதையும் ரெண்டு வரி போடலாமே சார்.

தலைநகர் ரெய்க்யாவிக்ல பெரிய கடைத்தெரு பேரு லாய்கவேகுர். பொம்பளைங்க துணி மூட்டையைச் சுமந்துகிட்டு வெந்நீர் ஊத்துக்குத் துவைக்கப் போன வழி, அதான் அந்தப் பேரு. 1930ல அந்த ஊத்துத் தண்ணியை 3 கிலோமீட்டர் குழாய் போட்டு ஊருக்குள்ள ஒரு ஸ்கூலுக்குக் கொண்டு வந்தாங்க, அப்புறம் 1973ல எண்ணெய் விலை எகிறினதும் மத்த ஊருக்கெல்லாம் வேகமா பரவி, இன்னிக்கு பத்துல ஒம்போது வீடு பூமிச்சூட்டுலதான் கதகதன்னு இருக்கு.

வெந்நீர் இருந்ததால ஊருக்கு ஊரு நீச்சல்குளம். கடலுக்குப் போனவங்க நீச்சல் தெரியாம செத்துகிட்டிருந்த நாடு அது, அதனால 1940லயே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நீச்சல் கட்டாயம்னு சட்டம் போட்டாச்சு. மேல பனி கொட்டக் கொட்ட சுடுதண்ணித் தொட்டியில கழுத்து வரைக்கும் உக்காந்து ஊர்க்கதை பேசறாங்க, நம்ம டீக்கடை பெஞ்சு மாதிரிதான், என்ன, சட்டை கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹெய்மேய் தீவு கதைதான். 1973 ஜனவரி 23 ராத்திரி ஊரை ஒட்டியே தரை பொளந்து நெருப்பு கிளம்பிடுச்சு, நல்லவேளை முந்தின நாள் புயல்னு படகெல்லாம் ஹார்பர்லயே நின்னுச்சு, 5,000 பேருக்கு மேல அதுல ஏறித் தப்பிச்சாங்க. லாவா, அதான் எரிமலைக் குழம்பு, வந்து ஹார்பர் வாயை அடைக்கப் பாக்குது, அது போச்சுன்னா மீன் தொழிலே போச்சு. தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்சன்னு ஒரு இயற்பியல் புரொபசர், கடல் தண்ணியைப் பீய்ச்சி லாவாவை இறுக வைக்கலாம்னாரு, மாசக்கணக்குல பம்ப் அடிச்சாங்க, ஹார்பர் தப்பிச்சுது. கூத்து என்னன்னா, ஊர் திரும்பினவங்க ஆறாத அந்த லாவாலயே குழாயை விட்டு வருஷக்கணக்கா வீட்டுக்கு வெந்நீர் எடுத்துக்கிட்டாங்க!

2024 பிப்ரவரியில ஐஸ்லாந்தோட தென்மேற்கு மூலையில லாவா ஓடிவந்து வெந்நீர் மெயின் குழாயையே அறுத்துடுச்சு, 20,000 பேருக்கு மேல குளிர்ல மாட்டிகிட்டாங்க, சில நாள்லயே வேற குழாய் போட்டுட்டாங்க. அடுத்த தடவை லாவா படத்தோட அந்தக் குழாய் படமும் ஒண்ணு போடுங்க சார், சின்னதா இருந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ரொம்ப நாள் வாசகர், தஞ்சாவூர்