வரைபுகளின் அச்சுப் பெயர்களிலும் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத் தொழிலாளரின் சம்பளம், தேயிலை உற்பத்தி, மழைவீழ்ச்சி, பரீட்சைப் பெறுபேறு என எதைப்பற்றி எழுதினாலும் கூடவே ஒரு வரைபையும் இணைக்கும் வழக்கம் நமது நாளிதழ்களிலும் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களிலும் பிரதேச மட்ட அறிக்கைகளிலும் பெருகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் அவ்வரைபுகள் பலவற்றில், கிடை அச்சிலும் நிலைக்குத்து அச்சிலும் வரும் பெயர்களையும் எண்களையும் யாரும் திருத்திப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எக்செல் என்ற விரிதாள் மென்பொருள் தந்தது தந்தபடியே பிரசுரமாகிறது. க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு விரிதாள் பாடத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், இது அழகு சார்ந்த சிறு குறை அல்ல, வாசகரைப் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் குறை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துக்கூற விரும்புகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர்கள். நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஆகிய பெயர்களை நிமிர்ந்த சலாகைகளின் கீழே வரிசையாக இட்டால், இடம் போதாதபோது எக்செல் அவற்றைத் தானாகவே சரித்துவிடும். இன்னும் நெருக்கடியானால் செங்குத்தாக நிறுத்தும். அதற்கும் இடமில்லையெனில் இடையிடையே சில பெயர்களைக் காட்டாமலே விட்டுவிடும். பெயர் காணாமற்போன சலாகை எந்தப் பிரதேசத்துக்குரியது என்று வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சரிந்து நிற்கும் 'ஹங்குராங்கெத்த' என்ற சொல்லில் ஙகரத்தின் புள்ளியும் ககரத்தின் கொம்பும் நாளிதழ்த் தாளின் மையில் கலங்கி மறைவதை எவரும் கண்டிருப்பர். இதற்கு எழுத்தின் அளவைக் குறைப்பது தீர்வாகாது. சலாகைகளைக் கிடையாகப் படுக்கவிடும் வகையைத் தெரிவுசெய்தால், பெயர்கள் இடப்பக்கத்தில் நேராக, ஒன்றன்கீழ் ஒன்றாக, அச்சை ஒட்டி அமைந்துவிடும். அவ்வாறு மாற்றும்போது அட்டவணையின் முதல் வரி வரைபின் அடியில் போய் நிற்பதைக் கண்டு பலர் அம்முயற்சியையே கைவிடுகின்றனர். அச்சை வடிவமைக்கும் 'போர்மட் அக்சிஸ்' பகுதியில் வரிசையைத் தலைகீழாக்கும் தெரிவை இட்டு, எண்களைத் தாங்கும் அச்சு கடைசிப் பெயருக்கு அப்பால் வெட்டுமாறு அங்கேயே குறித்துவிட்டால், பெயர்கள் அட்டவணையின் ஒழுங்கிலேயே வரும். எண்களும் கீழேயே நிற்கும். ஒவ்வொரு பெயருடனும் 'பிரதேச செயலகப் பிரிவு' என்று திரும்பத் திரும்ப எழுதாமல், அதை ஒருமுறை அச்சின் தலைப்பில் எழுதினாலே பாதி நெருக்கடி தீர்ந்துவிடும்.

இதைவிடப் பாரதூரமானது வருடங்களின் இடைவெளி. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2016இல் 500 ரூபா, 2019இல் 700 ரூபா, 2021இல் 900 ரூபா (மேலதிகமாக 100 ரூபா படி வழங்கப்பட்டே ஆயிரம் ரூபா என்ற தொகை எட்டப்பட்டது), 2024இல் 1,350 ரூபா. இந்நான்கு வருடங்களையும் வெறும் பெயர்களாகக் கொண்டு கோட்டு வரைபு வரைந்தால், எக்செல் அவற்றைச் சம இடைவெளியில் நிறுத்தும். 2016 முதல் 2019 வரையிலும் 2019 முதல் 2021 வரையிலும் ஏறியது அதே 200 ரூபாதான் என்பதால் கோட்டின் இரு துண்டுகளும் ஒரே சரிவில் செல்லும். ஆனால் முதலாவது ஏற்றத்துக்கு மூன்று வருடங்களும் இரண்டாவதற்கு இரண்டு வருடங்களும் சென்றன என்ற, தொழிலாளர் குடும்பங்கள் நன்கறிந்த உண்மை அந்த வரைபில் எங்கும் இல்லை. அச்சின் வகையைப் பெயர் அச்சிலிருந்து திகதி அச்சாக மாற்றினால் இடைவெளி சரியாகிவிடும். அப்போது எண்ணின் வடிவம் சாதாரண எண்ணாகவே இருக்கிறதா என்பதைச் சரிபார்த்தல் வேண்டும், ஏனெனில் அது திகதி வடிவமாக மாறிவிட்டால் 2016 என்பது 1905ஆம் ஆண்டு ஜூலை மாதத்துத் திகதி ஒன்றாகத் தோன்றும். உண்மையைச் சொல்வதானால், இச்சம்பளம் வருடந்தோறும் சிறிது சிறிதாக ஏறுவதில்லை, நீண்ட காலம் அசையாமல் கிடந்து ஒரே நாளில் தாவுகிறது. ஆகவே சாய்கோட்டைவிடப் படிக்கட்டுப் போன்ற வரைபே இதற்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

அதே எண்களைச் சலாகைகளாக வரைந்து, நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 400 ரூபாவிலிருந்து தொடங்கினால் என்ன நிகழும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2016க்குரிய சலாகையின் உயரம் 100 ரூபா அளவாகவும் 2024க்குரியதன் உயரம் 950 ரூபா அளவாகவும் அமையும். சம்பளம் ஒன்பதரை மடங்காகிவிட்டதாகக் கண் நம்பிவிடும். உண்மையில் அது 2.7 மடங்கே. ஒரு தரப்பின் பெருந்தன்மையைக் காட்ட வேண்டுமென்றே இவ்வாறு செய்பவர்களும் இருக்கலாம், ஆனால் எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது எக்செல் தானாகவே பூச்சியத்தை விட்டு மேலிருந்து தொடங்கிவிடும் என்பதால், எந்த உள்நோக்கமும் இல்லாதவரும் இதே பிழையைச் செய்ய நேர்கிறது. சலாகை வரைபில் நீளமே அளவாதலால் அதன் அச்சு பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும். கோட்டு வரைபுக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை.

வீழ்ச்சியைக் காட்டும் வரைபுகளில் வேறொரு சிக்கல் உண்டு. நாட்டின் தேயிலை உற்பத்தி 2020இல் குறைந்தது, 2021இல் மீண்டும் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவைத் தொட்டது, இரசாயன உரத் தடையின் பின்னர் 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. இந்த வருடாந்த மாற்றத்தைச் சதவீதமாக வரைந்தால் 2020, 2022 ஆகிய வருடங்களின் சலாகைகள் பூச்சியக் கோட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். வருடங்களும் அந்தக் கோட்டின் அடியிலேயே எழுதப்பட்டிருப்பதால், வாசகர் தேடிப் பார்க்கும் 2022 என்ற எண்ணே சலாகையின் மேல் விழுந்து மங்கிப்போகும். 'லேபல் பொசிஷன்' என்ற இடத்தில் 'லோ' என்பதைத் தெரிவுசெய்தால் வருடங்கள் யாவும் வரைபின் அடிவிளிம்புக்கு இறங்கிவிடும்; ஒரு நிமிட வேலை. உற்பத்தியின் அளவையே வரைவதானால், எட்டு ஒன்பது இலக்கங்களை அச்சில் அடுக்காமல், மில்லியன் கிலோ என்ற அலகைத் தலைப்பில் தமிழிலேயே எழுதுவதும் அவ்வாறே.

எழுத்துருவைப் பற்றியும் கூறியாக வேண்டும். நமது அலுவலகங்கள் பலவற்றில் இன்றும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவே பாவனையில் உள்ளது. அட்டவணையின் கட்டங்களில் அது ஒழுங்காகத் தமிழாகவே தெரிந்தாலும், வரைபு தனக்கென வேறோர் எழுத்துருவை வைத்திருப்பதால் அச்சுப் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாக மாறிவிடுகின்றன. அச்சைத் தெரிவுசெய்து பாமினியை மீண்டும் இட்டாலும், அந்த எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் கோப்பைத் திறந்தவுடன் பழைய கதைதான். பெயர்களை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட்டில் தட்டச்சு செய்வதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

இவை அனைத்தையும் வரைபு தயாரிப்பவர்களிடம் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. தங்கள் நாளிதழுக்கு வரும் வரைபுகள் பெரும்பாலும் படங்களாகவே வருகின்றன என எண்ணுகிறேன். படமாக வந்த வரைபில் சரிந்த பெயரை நிமிர்த்தவோ இடைவெளியைத் திருத்தவோ பக்க வடிவமைப்பாளரால் இயலாது. ஆகவே வரைபுடன் எழுதி அனுப்புவோரிடம் அதன் விரிதாள் கோப்பையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டு, தங்கள் வாசகர் பகுதியில் ஓர் அறிவித்தல் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். கோப்பு கையிலிருந்தால், அகலம் குறைந்த பத்திக்கு ஏற்றவாறு அச்சுகளைத் தங்கள் அலுவலகத்திலேயே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். எண்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.