பொறியில் விழும் ஈயை வைத்துப் பழத்தின் கணக்கை எழுதாதீர்கள்

பயிர்ப் பாதுகாப்பு, தாவரத் தடைக்காப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். பழத்துக்குள் முட்டையிட்டுப் புழுக்களை வளர்க்கும் பழ ஈக்களில் எது எந்தெந்தப் பழத்தைத் தாக்கும் என்ற பட்டியல் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு நாட்டில் தயாரான பட்டியலை இன்னொரு நாட்டில் அப்படியே எடுத்தாள வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். ஒரு ஈக்கு எந்தப் பழம் கிடைக்கும் என்பதை அதன் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே போட்டிக்கு யார் இருக்கிறார்கள், இடம் எவ்வளவு உயரம், எவ்வளவு வெப்பம் என்பதெல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஹவாய்த் தீவுகளுக்கு மத்தியதரைக்கடல் பழ ஈ 1910இல் வந்தது. 1940களின் நடுவில் கீழைப் பழ ஈ வந்து சேர்ந்தபின், தாழ்நிலப் பழங்களில் பெரும்பாலானவை மத்தியதரைக்கடல் ஈயின் கையை விட்டுப் போயின. குளிர்ந்த மேட்டு நிலத்திலும் காப்பிப் பழத்திலும் மட்டும் அது ஊன்றி நின்றது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் அடுத்தடுத்து மூன்று ஈக்கள் வந்தன: 1939இல் மத்தியதரைக்கடல் ஈ, 1955இல் நட்டால் ஈ என்று அப்போது அறியப்பட்ட ஈ, 1991இல் பீச் ஈ. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்ததே முன்னிருந்ததை முந்தியது. ஆனால் வெப்பத் தாழ்நிலம் பீச் ஈக்கும், குளிர்ந்த உயரம் நட்டால் ஈக்கும் எனப் பங்கு பிரிந்தது. கென்யாவில் 2003இல் கண்டறியப்பட்ட கீழைப் பழ ஈ, மாம்பழத்திலிருந்து அங்கிருந்த மரூலா ஈயைப் (மரூலா என்பது ஆப்பிரிக்கக் காட்டு மரம்) பெருமளவு விரட்டியது. காட்டு மரூலாப் பழத்தில் பழைய ஈ இன்றும் வளர்கிறது. இதையெல்லாம் ஒரே வரியில் ‘மாம்பழத்தைத் தாக்கும்’ என்று எழுதி முடித்தால் யாருக்கும் பயனில்லை.

மணம் காட்டி ஈயைப் பிடிக்கும் பொறிகளின் கணக்கு இந்தப் பங்கீட்டைக் காட்டாது. மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் கீழைப் பழ ஈ, பீச் ஈ ஆகியவற்றின் ஆண்களை வெகுவாக இழுக்கும். மத்தியதரைக்கடல் ஈயை இழுக்காது. அதற்கு வேண்டியது டிரைமெட்லூர் என்ற வேறொரு மணப்பொருள். டிரைமெட்லூரின் இழுவிசை மெத்தில் யூஜினாலைவிட மிகக் குறைவு. இரண்டு பொறிகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இந்த இனமே அதிகம்’ என்று அறிக்கை எழுதுவது தவறு. மெத்தில் யூஜினாலால் ஆண் ஈக்களை அழித்துவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் இடத்திலும், காலியான பழத்தில் அந்தப் பொறிக்கு வராத இனம் நுழைகிறதா என்று பழத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே பழத்திலிருந்து ஈயை வளர்த்து எடுங்கள். மரத்திலிருந்து பறித்ததையும் தரையில் விழுந்ததையும் கலக்காதீர்கள். ஒவ்வொரு பழத்தையும் எடைபோட்டுத் தனிப் பெட்டியில் வையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஒரே பழத்தை இரண்டு இனங்கள் பகிர்ந்தது தெரியாமலே போகும். பெட்டியின் அடியில் 2 முதல் 3 செ.மீ. உலர்ந்த நுண்மணல், அதற்கு மேல் கம்பி வலை, வலைமேல் பழம். பழச்சாறு மணலில் தேங்கினால் பூஞ்சை பிடித்து, பழத்திலிருந்து மணலுக்கு இறங்கிய கூட்டுப்புழு (ஈயாக மாறும் முன் உள்ள கூட்டு நிலை) செத்துவிடும். நனைந்த மணலை உடனே மாற்றுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மணலைச் சலித்துக் கூட்டுப்புழுக்களை எடுத்து, பெரிய பழங்களை மூன்று, நான்கு வாரம் வரை தொடருங்கள்.

வெளிவந்த ஈயை உடனே கொன்றால் நிறமும் பட்டைகளும் தெளியாமல் இனம் மாறிப் பதிவாகும். சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்து மூன்று, நான்கு நாள் உயிரோடு வையுங்கள். பலரும் கவனிக்காதது அறையின் வெப்பம். குளிர்ந்த உயரத்தில் எடுத்த பழத்தைச் சூடான அறையில் வளர்த்தால், வெப்பம் தாங்காத இனம் கூட்டுக்குள்ளேயே மடியும். நம் அறையே போட்டியின் முடிவை மாற்றிவிடும். 25 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்துக்கொண்டு, வெளிவராத கூட்டுப்புழுக்களையும் எண்ணி எழுதுங்கள். கூட்டிலிருந்து ஈக்குப் பதில் வெளிவரும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தனியாகக் குறியுங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வரி: வகை, தேதி, கடல் மட்டத்திலிருந்து உயரம், மரமா தரையா, எடை, கூட்டுப்புழு எண்ணிக்கை, இனவாரியாக வெளிவந்த ஈ. ஒரு ஈயும் வராத பழத்துக்கும் வரி உண்டு. அதை விட்டுவிட்டால் தாக்குதல் விகிதம் கூடித் தெரியும். பக்கத்துக் காட்டு மரங்களின் பழங்களும் இதே ஏட்டில் வரட்டும். தோப்பிலிருந்து விரட்டப்பட்ட இனத்தை அங்கேதான் தேட வேண்டியிருக்கும். பட்டியலைத் திருத்தும்போது, ஒவ்வொரு பழத்துக்கும் நேரே உயரத்தையும் உடனிருந்த இனங்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழ ஈக் கணக்கெடுப்பில் பணிபுரிவோர்