பத்து கஜச் சங்கிலி

உ
சிவமயம்

ஓஹையோ
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள அப்பச்சி அவர்களுக்கு மகன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு மூவரும் நலம். தாங்களும் ஆத்தாவும் நலமாக இருக்கப் பிள்ளையார்பட்டியாரை வேண்டுகிறேன்.

போன வாரம் தொலைபேசியில், "தோற்கிற பந்தாட்டக் கட்சியைப் பார்க்கவா காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறாய்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் தங்கள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

இவ்வூர்ப் பல்கலைக்கழக அணி இந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. இந்த அமெரிக்க ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து என்றாலும், தாங்கள் அழகப்பா கல்லூரி மைதானத்தில் ஆடிய ஆட்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதில் காலுக்கு வேலை குறைவு. சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு மாட்டின்மேல் விழுவதைப் போல, பந்தோடு ஓடுகிறவன்மேல் நாலு பேர் விழுகிறார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 100 கஜ மைதானத்தை இப்படிச் சிறுகச் சிறுகத்தான் கடக்க வேண்டும்.

ஆட்டத்தைவிட அதன் வரவு செலவு தங்களுக்குப் பிடிக்கும். பருவத் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் எங்களைப் போன்ற சிறிய அணிகளைத் தங்கள் மைதானத்துக்கு வரவழைத்து, வந்து ஆடிப் போவதற்கென்றே பணம் கொடுக்கின்றன. ஒரே ஆட்டத்துக்கு அது பத்து லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. கொடுப்பவர் பேரேட்டில் ஒரு வெற்றி வரவு. வாங்குபவர் பேரேட்டில் பணம் வரவு, தோல்வி பற்று. தோற்றுவிட்டுப் போ என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். எப்போதாவது இந்தக் கணக்கு புரண்டுவிடுவதும் உண்டு. 2024 செப்டம்பரில் நாதர்ன் இல்லினாய் பல்கலைக்கழக அணி 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போய், அழைத்தவர்களையே 16-14 என்று வென்றுவிட்டு வந்தது. எங்கள் பையன்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பணத்தையும் அடியையும் சேர்த்தே வாங்கி வந்தார்கள்.

நவம்பரில் சனிக்கிழமைத் தொலைக்காட்சியைப் பெரிய அணிகள் எடுத்துக்கொள்வதால், எங்கள் பிரிவு அணிகள் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன. அப்படியொரு செவ்வாய் இரவு, குளிரில் காது மரத்துப்போயிருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில், நான்கு புள்ளி பின்தங்கியிருந்த எங்கள் அணிக்கு நான்காவது முயற்சி. ஓடியவன் ஆள்குவியலுக்குள் விழுந்தான். நடுவர் அளக்கச் சொன்னார். இரு முனையிலும் கம்பு கட்டிய பத்து கஜச் சங்கிலியை ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்; கண்மாய்க்கரை நிலத்தை அளக்க வந்த சர்வேயரும், அவர் பின்னால் குடையோடு நடந்த தாங்களும்தான் எனக்கு நினைவுக்கு வந்தீர்கள். சங்கிலியை இழுத்து நிறுத்தினார்கள். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது. அதோடு ஆட்டம் போயிற்று.

பக்கத்து இருக்கையில் எப்போதும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருப்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு அதே இருக்கை. அவர் யாரையும் ஏசவில்லை. பிளாஸ்க்கில் மிச்சமிருந்த காப்பியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணியின் கதையைச் சொன்னார். 1979 முதல் 1982 வரை அந்த அணி தொடர்ந்து 34 ஆட்டங்களில் தோற்றதாம். கடைசியில் வென்ற அன்று மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகத் தூக்கிப் போய் மிச்சிகன் ஏரியில் போட்டுவிட்டார்களாம். அன்று அவர்களிடம் தோற்றது யார் தெரியுமா? இதே நாதர்ன் இல்லினாய்தான்.

பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். ஐயா பர்மாவில் இருந்தபோது கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு, அதாவது மூன்று வருஷ ஒப்பந்தம் என்று தாங்கள் சொல்வதுண்டு. இங்கே கணக்கு முடியுமுன் அனுப்பினால், ஒப்பந்தத்தில் எழுதியபடி மிச்ச ஆண்டுகளுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நன்றாக ஆடிய பையன்கள் இருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். பத்துத் தோல்வியையும் பொறுத்துக்கொண்ட எனக்கு இதுதான் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கும் அதே வரிசையில், தபால்காரருக்குப் பக்கத்திலேயே, சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். தொகையை ஆத்தாவிடம் சொல்ல வேண்டாம். அடுத்து அனுப்பும் பெட்டியில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் ஒரு பங்கு கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பருவம் முழுக்கத் தபால்காரருடைய காப்பியைத்தான் குடித்திருக்கிறேன்.

தங்கள் அன்பு மகன்