செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரச் சிறுதொழில்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தை வளர்த்த மூத்தவர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்திருக்கும் தொழில்முனைவோரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான காலத்திற்குரிய ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், சங்கம் செய்த பணிகளையும் நம் வட்டாரத் தொழில் நிற்கும் இடத்தையும் மட்டும் இதில் சொல்கிறேன்.

இவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு முதலில் நம் அஞ்சலியைச் செலுத்துவோம். கீற்றுக் கொட்டகையில் ஒரே ஒரு வெல்டிங் செட்டோடு தொழில் தொடங்கி, பிறகு பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். இன்று நாம் பேசும் முதலீடு, வளர்ச்சி என்பனவற்றுக்கெல்லாம் இந்த வட்டாரத்தில் முதல் உரு கொடுத்தவர்கள் அவர்களே என்பதை இளைய உறுப்பினர்கள் மறக்கலாகாது.

காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில்துறை அமைச்சராகவும் இருந்த நாட்களில், செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியுடன் திருவெறும்பூரில் உயரழுத்தக் கொதிகலன் ஆலை அமைப்பது என்று முடிவாயிற்று. அந்த ஆலையே இன்று பெல் எனப்படும் பாரத மிகு மின் நிறுவனத்தின் திருச்சிப் பிரிவு. ஆலை வளர வளர அதன் வேலையைப் பங்கிட்டுச் செய்யத் துவாக்குடியிலும் அதைச் சுற்றியும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் எழுந்தன. பிளேட்டும் பைப்பும் ஆலையிலிருந்தே வரும். நாம் வெட்டி, வளைத்து, பற்றவைத்து, பெயின்ட் அடித்து, டன்னுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் திருப்பி அனுப்புவோம். மூலப்பொருளுக்குக் கைக்காசு போடாமல் ஒரு தலைமுறை தொழில் கற்றுக்கொண்டது இந்த ஏற்பாட்டினால்தான். அதற்கு நாம் என்றும் நன்றியுடையவர்கள். ஆனால் அதே ஏற்பாடுதான் விலை பேசவும், எஃகு வாங்கவும், புதிய வாடிக்கையாளரைத் தேடவும் நமக்குக் கற்றுத்தராமல் விட்டது. கடந்த பத்தாண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் புதிய அனல் மின் நிலையங்களுக்கான ஆணைகள் சுருங்கியபோது, நம் ஷெட்டுகள் பல மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. வங்கி ஏலத்திற்குப் போன இடங்களும் உண்டு. கைதேர்ந்த வெல்டர்கள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினார்கள்.

இப்போது நிலைமை மாறி வருகிறது. 2031–32க்குள் குறைந்தது 80,000 மெகாவாட் அனல் மின் திறனைக் கூடுதலாக ஏற்படுத்துவது என்று மத்திய அரசு திட்டமிட்டிருப்பதால், கொதிகலன் வேலைகள் மீண்டும் வரத் தொடங்கியுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆயினும் வேலை வந்துவிட்டது என்பதற்காக நாம் பழையபடி ஒரே வாசலில் போய் நின்றுவிடக் கூடாது என்பதே இவ்வாண்டு செயற்குழு கூடிய போதெல்லாம் மேலோங்கிய கருத்தாக இருந்தது. கையில் நாலு காசு புரளும் இந்தச் சில ஆண்டுகளில்தான் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளருக்கான இயந்திரத்தையும் சான்றிதழையும் நாம் தேடிக்கொள்ள முடியும். மந்தமான காலத்தில் எந்த வங்கியும் அதற்குக் கடன் தராது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி நிலுவைத் தொகைப் பிரச்சினைக்கே சென்றது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தமாக எஃகு வாங்கி 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஸ்ட்ரக்சர் வேலையை முடித்துக் கொடுக்கும் உறுப்பினர், பில் போட்ட கணமே 18 விழுக்காடு ஜிஎஸ்டிக்குப் பொறுப்பாளி ஆகிறார். எஃகு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்தது போக மீதியைப் பெரும்பாலும் அடுத்த மாதத்திலேயே செலுத்தியாக வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாரா இல்லையா என்று அந்தத் தேதி பார்ப்பதில்லை. எஃகு வியாபாரிக்குக் கடன் தவணை, வாரக்கூலி, மின்கட்டணம், ஓவர்டிராஃப்ட் வட்டி எல்லாம் ஒருபக்கம் ஓட, பில் தொகை 120 நாள், 180 நாள் என்று இழுத்தடிக்கப்பட்டால், லாபம் முழுவதும் வட்டிக்கே போய்விடுகிறது. புதிய இயந்திரம் வாங்க மிச்சம் இருப்பதில்லை. முதலீட்டுக் குறைவு என்று வெளியார் சொல்லும் நோயின் வேர், என் கணிப்பில், இங்கேதான் இருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தவணை வைக்க இயலாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களே. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். இவ்வாண்டின் பெரும்பகுதியில் அந்த விகிதம் 6.75 விழுக்காடாக இருந்ததால் வட்டி 20 விழுக்காட்டையும் தாண்டும். இத்தகைய நிலுவை மனுக்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் அளிக்கும் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். இவ்வளவு வலுவான சட்டம் கையில் இருந்தும் நம்மில் மிகச் சிலரே அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். காரணம் வெளிப்படையானது: மனு போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு பெரிய நிறுவனத்தின் வாசலில் பில்லுக்காக மாதக்கணக்கில் நின்றவன்தான்.

ஆகவே, தனி உறுப்பினர் பெயரில் மனுப் போடுவதற்கு முன், நிலுவை வைத்திருப்பவர்களுக்குச் சங்கத்தின் பெயரால் பொதுவான நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் முறையை இவ்வாண்டு தொடங்கினோம். அதற்குப் பயன் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த (எச்) உட்பிரிவும் நமக்குக் கைகொடுத்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் வகுத்த கெடுவுக்குள் பணம் தராதவர், அந்தத் தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பதால், மார்ச் மாதம் நெருங்கியதும் பல கணக்குப் பிரிவுகளிலிருந்து நம் உறுப்பினர்களுக்குத் தாமாகவே அழைப்பு வந்தது. உத்யம் எனப்படும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு இல்லாதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதை இங்கு வலியுறுத்திச் சொல்கிறேன். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

டிரெட்ஸ் எனப்படும் மின்னணு பில் தள்ளுபடித் தளங்களைப் பற்றியும் பயிற்சி வகுப்பு நடத்தினோம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் 2025 மார்ச் 31க்குள் அதில் இணைய வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிக்கை வந்தது. வாங்குபவர் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டியிட்டுக் குறைந்த வட்டியில் நமக்கு முன்பணம் தரும். வாங்குபவர் பிறகு கட்டத் தவறினாலும் வங்கி நம்மிடம் திரும்பக் கேட்காது. ஆனால் இணைவது கட்டாயம் என்றாலும் பில்லை ஏற்றுக்கொள்வதற்குக் கட்டாயம் இல்லாதது பெரிய ஓட்டை. இதை அடைக்கக் கோரி மனு அளித்துள்ளோம்.

கடன் குறித்து இரண்டு நல்ல செய்திகள். 2025 ஏப்ரல் 1 முதல், பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் மத்திய நிதியத்தின் வரம்பு 5 கோடியிலிருந்து 10 கோடி ரூபாயாக உயர்கிறது. அதே நாளிலிருந்து சிறு நிறுவனம் என்பதற்கான எல்லையும் இயந்திர முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி என்று விரிகிறது. சலுகை போய்விடுமே என்று வளராமல் ஒடுங்கியிருந்தவர்களும், ஒரே தொழிலை இரண்டு பெயரில் பிரித்து நடத்தியவர்களும் இனி அப்படிச் செய்யத் தேவையில்லை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தையும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் 35 விழுக்காடு மூலதன மானியம் உள்ள அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் மாவட்டத் தொழில் மையம் வழியே அணுகலாம். விண்ணப்பம் எழுதவும் திட்ட அறிக்கை தயாரிக்கவும் சங்க அலுவலகத்தில் உதவி உண்டு.

மின்கட்டணத்தைப் பொறுத்தவரை நம் கோரிக்கை நிறைவேறவில்லை. 2022 செப்டம்பர் 10 முதல் தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கான நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய் என்றிருந்தது மாறி, 112 கிலோவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு 550 ரூபாய் ஆனது. 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. வெல்டிங் தொழிலின் இயல்பை இந்த அமைப்பு கணக்கில் கொள்ளவில்லை. ஆர்டர் உள்ள மாதத்தில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும் என்பதால் மின்பளு அதிகம் கேட்டு வாங்குகிறோம். ஆர்டர் இல்லாத மாதத்தில் ஒரு யூனிட் கூட ஓடாமலேயே அந்தப் பளுவுக்கு முழுத் தொகை கட்டுகிறோம். பருவத்திற்கேற்ப பளுவை ஏற்றி இறக்கும் வசதியையாவது தர வேண்டும் என்று திரும்பவும் எழுதியிருக்கிறோம்.

புதிய வாடிக்கையாளர்களைத் தேடும் பணிக்கு வருகிறேன். பாதுகாப்புத் தளவாட உற்பத்தியை வளர்ப்பதற்கான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று நம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது; சென்னை, கோவை, ஓசூர், சேலம் ஆகியவற்றோடு திருச்சியும் அதன் ஐந்து முனையங்களுள் ஒன்று. துப்பாக்கித் தொழிற்சாலையும், பீரங்கிக் குண்டுகளுக்கான கன உலோகப் பாகங்கள் செய்யும் எச்ஏபிபி தொழிற்சாலையும் நம் கூப்பிடு தூரத்தில் உள்ளன. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்துகொடுத்த பொன்மலைப் பணிமனை பக்கத்தில் இருக்கிறது. காற்றாலைக் கோபுரம், சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலைக் கட்டுமானங்கள் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே சில உறுப்பினர்கள் மாறியிருக்கிறார்கள். இவையெல்லாம் இருந்தும் பாதுகாப்புத் துறை வேலை நம்மவர் பலருக்கு எட்டாக்கனியாக இருப்பதற்குக் கைத்திறன் குறைவு காரணமன்று. டன் கணக்கில் பழகிய நமக்கு மைக்ரான் அளவில் வேலை புதிது. அதற்குரிய அளவீட்டுக் கருவிகளும், பொருள் சோதனைச் சான்றும், ஆவணப் பழக்கமும் தனி ஒரு ஷெட்டின் சக்திக்கு மீறியவை. உறுப்பினர்கள் மாதிரித் துண்டைத் தூக்கிக்கொண்டு வெளியூர்ச் சோதனைக்கூடங்களுக்கு அலைகிறார்கள். ஒரு சோதனை அறிக்கை வரும்வரை டெண்டர் காத்திருப்பதில்லை.

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கான முதலீடுகள் உறுதி செய்யப்பட்டன. புதிய ஆலைகள் வர வேண்டும். மணப்பாறை சிப்காட் தொழிற்பூங்கா நிரம்ப வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துவாக்குடியிலும் வாழவந்தான்கோட்டையிலும் கட்டடம், மின் இணைப்பு, தொழில் தெரிந்த ஆட்கள் என எல்லாம் தயாராக உள்ள ஷெட்டுகளில் கணினியால் இயங்கும் ஒரு சிஎன்சி வெட்டும் இயந்திரமோ பெரிய ரோலிங் இயந்திரமோ வைப்பதற்கு ஆகும் செலவு, புது ஆலை ஒன்றை வெறும் நிலத்தில் எழுப்புவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே. அது வேலைவாய்ப்பாக மாற ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இதை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் எடுத்துரைத்து வருகிறோம்.

ஆள் பற்றாக்குறை பற்றிச் சுருக்கமாக. 6ஜி நிலையில், அதாவது சாய்வாக அசையாமல் நிறுத்திய பைப்பைச் சுற்றிலும், பற்றவைக்கத் தெரிந்த வெல்டரை இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐடிஐ மாணவர்களை நம் ஷெட்டுகளில் தொழில் பழகுநராகச் சேர்த்துக்கொள்ள முன்வந்த உறுப்பினர்களுக்கு நன்றி. அவர்களுக்கு உதவித்தொகையோடு பாதுகாப்புக் காலணியும் முகக்கவசமும் தவறாமல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை நம்பி அனுப்பும் பெற்றோருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை அமைக்கும் கோரிக்கையில் இவ்வாண்டும் முன்னேற்றம் இல்லை. நம் தொழிலாளர்கள் சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் அந்த நெடுஞ்சாலையைக் கடந்துதான் வேலைக்கு வருகிறார்கள். அங்கே நடந்த விபத்துகளை நாம் அனைவரும் அறிவோம். கோரிக்கையைக் கைவிட மாட்டோம்.

இறுதியாக, செயற்குழுவின் பரிந்துரை ஒன்றை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், மத்திய, மாநில அரசுகள் பெரும்பகுதிச் செலவை மானியமாகத் தர, பயன்பெறும் நிறுவனங்கள் மீதியைத் திரட்டினால், பொது வசதி மையம் அமைக்க வழியுண்டு. பொருள் சோதனை, நுண் அளவீடு, பற்றவைப்பின் உட்குறைகளைக் கதிர்ப்படத்தால் கண்டறியும் ரேடியோகிராஃபி ஆகியவற்றுக்கான ஒரு பொது மையத்தை நம் தொழிற்பேட்டையிலேயே நிறுவவும், அதற்கென உறுப்பினர்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட தனி நிறுவனத்தைப் பதிவு செய்யவும், வடிவமைப்பிலும் ஆலோசனையிலும் என்ஐடி பேராசிரியர்களின் உதவியை நாடவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பங்குத் தொகையைச் சிறிய ஷெட் வைத்திருப்பவரும் தவணையில் கட்டக்கூடிய அளவில் வைக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். விருப்பப் படிவங்கள் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. தீர்மானத்தை முன்மொழிய உறுப்பினர் ஒருவரை அழைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, அறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்