தமிழாசிரியர்களே, எங்களுக்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ் கற்பிக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான் என் வாடிக்கையாளர்கள். "போன் ரொம்ப மெதுவா இருக்கு, என்னன்னு பாருங்க" என்று தருவார்கள். திறந்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுகள் இருக்கும். எதைத் தொட்டாலும் முதலில் விளம்பரம்தான் வரும். அவற்றை நான் அழிக்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகம் வாடிவிடும். இதற்குப் பதிலாக எதைப் போட்டுத் தரலாம் என்று தேடியபோது கிடைத்ததுதான் லெக்சிகா என்ற சொல் தேடும் விளையாட்டு.

ஆட்டம் எளிது. திரையில் 4 வரிசை, வரிசைக்கு 4 கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒட்டியிருக்கும் கட்டங்களை நேராகவோ குறுக்காகவோ விரலால் இழுத்துச் சொல் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஒரு கட்டத்தை ஒரு முறைதான் தொடலாம். மூன்று நிமிடத்தில் எத்தனை சொல் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. விளம்பரம் இல்லை, காசு இல்லை, இணையமும் தேவையில்லை. சிக்னல் சரியாக எட்டாத மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இது கட்டற்ற மென்பொருள். ஜிபிஎல் என்ற உரிமத்தில் வந்திருப்பதால் மூலநிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்குத் தரலாம். அப்படித் தரும்போது அதே உரிமையை அவர்களுக்கும் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதனால் பொறியியல் படிக்கும் என் அக்கா மகனும் நானும் அதன் பிரதி ஒன்றை எடுத்துத் தமிழுக்குத் திருத்த உட்கார்ந்தோம்.

முதல் நாளே இடித்தது எழுத்து. நமக்குக் 'கொடி' இரண்டு எழுத்து. போனுக்குள்ளோ அது ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என்று நான்கு குறியீடுகள். நிரல் அந்த நான்கையும் நான்கு கட்டத்தில் போட்டது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, கொம்பும் காலும் மட்டும் நிக்குது, எழுத்தக் காணோம்" என்றாள். உயிர்மெய்யைப் பிரிக்காமல் ஒரே எழுத்தாக எண்ணச் சொல்லிக் கொடுத்து அதைச் சரிசெய்தோம்.

அடுத்த சிக்கல் பெரியது. ஆங்கிலத்தில் இருப்பது 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனையையும் சமமாகக் குலுக்கி 16 கட்டத்தில் போட்டால் ஙௌவும் ஞோவும் வந்து உட்காரும், சொல் ஒன்றுகூடத் தேறாது. ம், ல், து, டு, க் போன்றவை அடிக்கடி வர வேண்டும், சில எழுத்துகள் வரவே கூடாது. எது எத்தனை முறை வர வேண்டும் என்பதைச் சொற்பட்டியலை எண்ணித்தான் முடிவு செய்ய முடியும். பட்டியல் முழுக்க நிகண்டுச் சொல்லாக இருந்தால் கட்டத்திலும் அதற்கேற்ற எழுத்தே விழும், பிள்ளை இரண்டாம் ஆட்டத்திலேயே போனைக் கீழே வைத்துவிடும். நிரலைத் திருத்த என் அக்கா மகன் போதும். பட்டியலைத் திருத்த நீங்கள்தான் வேண்டும்.

கட்டத்தில் மெய்யை மட்டும் காட்டி, எந்த உயிர் சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று அவன் ஒரு யோசனை சொன்னான். சொல் நிறையக் கிடைக்கும் என்பது உண்மைதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தை முழு உருவத்தோடு பார்த்துத் தேடினால்தான் அது கண்ணில் பதியும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள். அவர்களுக்கு லகரம், ளகரம், ழகரம் மூன்றும் விரலுக்குக் கீழே தனித்தனியாக நிற்பது உதவும். மயங்கொலிக்காக நீங்கள் படும் பாட்டில் ஒரு பங்கை இந்த ஆட்டம் சுமக்கும் என்று நம்புகிறேன்.

பட்டியலுக்கான கச்சாப் பொருளை, யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான தமிழ் விக்சனரியிலிருந்து எடுக்கலாம் என்றிருக்கிறோம். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லி, அதன் நிபந்தனைப்படி பயன்படுத்தலாம். கடையில் விற்கும் அகராதியிலிருந்து பதிப்பாளரைக் கேட்காமல் அள்ள மாட்டோம். விக்சனரியில் பிறமொழிச் சொற்களும் தலைச்சொல்லாக இருப்பதால் அவற்றை முதலில் நீக்க வேண்டும். அப்புறம்தான் உங்கள் வேலை.

வீடு என்றால் ஏற்கலாம். வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று வேற்றுமை ஏற்றியதை எல்லாம் ஏற்பதா? வேண்டாம் என்பது என் எண்ணம். வினைச்சொல்லில் எனக்குத் தெளிவில்லை. 'ஓடு' சரி, 'ஓடினான்' சரியா? லெக்சிகாவில் குறைந்தது மூன்று எழுத்து இருந்தால்தான் சொல். நமக்கு மலை, கல், ஏரி, களி, புளி எல்லாமே இரண்டு எழுத்துதான். ஓரெழுத்து ஒருமொழியே 42 இருப்பதாக நன்னூல் சொல்வதை நீங்கள் வகுப்பில் நடத்துகிறீர்கள். அதனால் மூன்று என்பதைக் குறைத்து இரண்டு எழுத்திலிருந்து தொடங்கலாம் என்று வைத்திருக்கிறேன். ஓரெழுத்தையும் சேர்த்தால் ஒரு கட்டத்தைத் தொட்டாலே மதிப்பெண் விழும், அது ஆட்டமாக இராது. பஸ், சைக்கிள் போன்றவற்றை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. நம் ஊர்ச் சொற்கள் விடுபடக் கூடாது. ராகி, சாமை, கொள்ளு, மொச்சை, பரிசல், மதகு, கூத்து, நடுகல், பட்டுக்கூடு, மாங்கூழ். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரின் மகள் கட்டத்தில் ப, ரி, ச, ல் நான்கையும் கண்டு விரலை இழுக்கும்போது, 'அப்படி ஒரு சொல் இல்லை' என்று போன் சொல்லிவிடக் கூடாது. செந்தூரா, மல்கோவா என்று மாம்பழ வகைகளைச் சிறப்புப் பெயர் என ஒதுக்குவதா, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்வதா? வைத்துக்கொள்ளவே எனக்கு ஆசை.

முதல் சுற்றுக்கு 5,000 சொல் போதும். ஆளுக்கு 200 சொல் என்று பிரித்தால் 25 பேர் வேண்டும். தாளில் அச்சடித்துத் தருகிறேன். வேண்டாததை அடித்துவிட்டு, விடுபட்டதை ஓரத்தில் பேனாவால் எழுதினால் போதும், தட்டச்சு எங்கள் பொறுப்பு. திருத்திய பட்டியலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே வெளியிடுவோம். விருப்பமுள்ளவர்களின் பெயர் ஆட்டத்துக்குள் நன்றிப் பக்கத்தில் இருக்கும்.

சனிக்கிழமை மாலைகளில் கடையில்தான் இருப்பேன். முதல் 200 சொல்லை ழகரம் வரும் சொற்களாகப் பார்த்து என் மகள் எடுத்து வைத்திருக்கிறாள். முதலில் வருபவர் அந்தத் தாளை வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு செல்போன் கடைக்காரர்